பூச்சாண்டிப் பத்தி

செலவைக் குறைக்கச் சொல்லி நிதித்துறையிலிருந்து சுற்றறிக்கை வந்தால் எங்கள் பிரிவில் யாரும் பதற மாட்டோம். பதறுவது போல முகத்தை வைத்துக்கொள்வோம், அவ்வளவுதான். போக்குவரத்துத் துறையின் தலைமை அலுவலகத்தில் வரவு செலவுப் பிரிவுக்கு நான் கண்காணிப்பாளர். நாட்டின் பொருளாதாரம் படுக்கும்போதெல்லாம் முதலில் காய்ச்சல் அடிப்பது எங்கள் மேசைக்குத்தான். ஆனால் அந்தக் காய்ச்சலுக்கு எங்களிடம் ஒரு கைமருந்து இருந்தது. அதற்கு நாங்கள் வைத்திருந்த பெயர் பூச்சாண்டிப் பத்தி.

விஷயம் இதுதான். பத்தில் ஒரு பங்கு செலவைக் குறையுங்கள், எதையெல்லாம் நிறுத்தலாம் என்று வரிசையாக எழுதி அனுப்புங்கள் என்று கேட்பார்கள். உண்மையிலேயே நிறுத்தக்கூடியதை எந்தத் துறையும் முதலில் எழுதாது. இயக்குநர் அறையின் புது சோபா, யாரும் பிரித்துப் பார்க்காத மாத இதழ், வெளியூர் ஓட்டலில் தூங்கிவிட்டு வரும் பயிற்சி வகுப்பு, இதெல்லாம் எங்கேயோ பின்னிணைப்பில் பத்திரமாக ஒளிந்திருக்கும். எதை நிறுத்தினால் ஊர் கொதிக்குமோ அதைத்தான் முதல் பத்தியில் எழுதுவோம். நிதித்துறையில் அதைப் படிப்பவர் 'ஐயோ, இதை நிறுத்தினால் நம் தலை உருளும்' என்று அந்தப் பத்தியைப் பென்சிலால் அடித்துவிடுவார். கூடவே குறைக்க வேண்டிய அளவையும் கொஞ்சம் தளர்த்தி அனுப்புவார். தீயணைப்புத் துறை உயரமான ஏணி வண்டியை எழுதும். சுகாதாரத் துறை பாம்புக்கடி மருந்தை எழுதும். கல்வித் துறை ஒரு தடவை பொதுத் தேர்வையே எழுதி அனுப்பியது. அது கொஞ்சம் ஓவர் என்று எங்களுக்கே தோன்றியது.

எங்கள் பூச்சாண்டி விடிகாலை பஸ். ஊருக்கு வெளியே செங்கல் சூளைகளைத் தாண்டி ஒரு குடியிருப்பு இருக்கிறது. அங்கிருந்து இருட்டோடு கிளம்பி நேராகப் பெரிய ஆஸ்பத்திரி வாசலில் வந்து நிற்கும் பஸ் அது. ஏறுகிறவர்கள் எல்லோரும் ஆஸ்பத்திரியின் முதல் ஷிப்டுக்குப் போகிறவர்கள். பெருக்குகிறவர்கள், ஸ்ட்ரெச்சர் தள்ளுகிறவர்கள், துணி வெளுக்கிறவர்கள். திரும்பும்போது பஸ் காலி. அதனால் நஷ்டக் கணக்கு பார்ப்பதற்கு அம்சமாக இருக்கும். நிறுத்தினாலோ ஆஸ்பத்திரி நாறிப் போகும். பூச்சாண்டிக்கு வேண்டிய சகல லட்சணமும் பொருந்திய பஸ்.

அந்தப் பத்தியை எழுதுவதில் என்னை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. மற்ற துறைக்காரர்கள் வளவளவென்று எழுதிக் காரியத்தைக் கெடுத்துக்கொள்வார்கள். நான் சுருக்கமாக முடித்துவிட்டுக் கடைசியில் ஒரு குத்து வைப்பேன். 'அறுவைச் சிகிச்சைக்கான சுத்தமான துணிகள் வழங்குவதில் தாமதம் நேரிடலாம் என்பது கனிவான கவனத்துக்குக் கொண்டுவரப்படுகிறது.' படிக்கிறவர் கை தானாகப் பென்சிலைத் தேடும். அந்தத் துணி விவரம் எனக்குத் தெரிந்ததே அக்காவால்தான். அக்கா அந்த ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் ஒப்பந்த வேலை பார்க்கிறாள். சூளைக்கு அந்தப் பக்கக் குடியிருப்பில்தான் அவள் வீடு. அந்த பஸ்ஸை விட்டால் அந்த நேரத்துக்கு அங்கே ஒரு ஆட்டோ கூட வராது. அத்தான் போன பிறகு மகனைப் படிக்க வைப்பதும், படுக்கையில் கிடக்கும் மாமியாரைப் பார்த்துக்கொள்வதும் அந்த ஒரு சம்பளத்தில்தான். நான் ஏதாவது கொடுக்கப் போனால் 'உன் புருஷன் வீட்டுக்கு எடுத்துட்டுப் போ' என்று துரத்துவாள். சலவைக்கூடத்தில் மூன்று தடவை தாமதமாக வந்தால் பெயரை எடுத்துவிடுவார்கள். வெளியே அந்த வேலைக்கு வரிசையில் ஆள் நிற்கிறது.

இந்த விளையாட்டின் மறுமுனையில் உட்கார்ந்திருந்தவர் நிதித்துறையின் துணைச் செயலாளர். எல்லாத் துறைகளிலும் அவருக்குப் பெரியப்பா என்றுதான் பெயர். நேரில் அப்படிக் கூப்பிட்டாலும் கோபித்துக்கொள்ள மாட்டார். எங்கள் கோப்பு அவர் மேசைக்குப் போனதும் எனக்கு போன் வரும்.

"என்னம்மா, மறுபடியும் பஸ்ஸ நிறுத்தப் போறியா? உங்க அக்கா உன்ன வீட்டுக்குள்ள விடுவாளா?"

"நீங்க இருக்கற தைரியம்தான் சார்."

"சரி சரி, அடிச்சுட்டேன். பின்னிணைப்புல அந்த மாத இதழ் இருக்கே, அத மட்டுமாவது குடு. நானும் மேல ஏதாவது காட்டணும்ல."

மாத இதழைக் கொடுப்போம். அடுத்த ஆண்டு வேறு பெயரில் மறுபடி தொடங்குவோம். எல்லோருக்கும் திருப்தி.

இந்தத் தடவை மந்தம் நிஜமானது. ஊரைச் சுற்றியிருந்த தொழிற்சாலைகள் ஒவ்வொன்றாக ஷிப்டைக் குறைத்தன. கடைவீதியில் பாதிக் கடைகளில் 'வாடகைக்கு' என்று அட்டை தொங்கியது. வரி வசூல் சரிந்துவிட்டது என்று எங்கள் சம்பள உயர்வை நிறுத்தி வைத்தார்கள். பத்தில் இரண்டு பங்கு குறைக்கச் சொல்லிச் சுற்றறிக்கை வந்தது. நான் வழக்கம்போல முதல் பத்தியை எழுதினேன். வழக்கத்தைவிட நன்றாகவே எழுதினேன் என்றுகூடச் சொல்லலாம். இயக்குநர் படித்துவிட்டு "சபாஷ்" என்றார். அவர் எதற்கும் சபாஷ் போடுகிறவர்.

கோப்பு திரும்பி வந்த அன்று அதைக் கொண்டு வந்தவர் எங்கள் மூத்த உதவியாளர். எதற்கெடுத்தாலும் வாதம் பண்ணுவதால் அவருக்கு வக்கீல் என்று பெயர். அன்றைக்கு அவர் கோப்பை என் முன்னால் வைத்துவிட்டு அங்கேயே நின்றார். பிரித்தேன். முதல் பத்திக்கு எதிரே பெரியப்பாவின் பென்சில் கோடு இல்லை. அச்சடித்த எழுத்தில் 'ஏற்கப்பட்டது. அடுத்த மாதம் முதல் நடைமுறைப்படுத்துக' என்று இருந்தது.

"தப்பா அடிச்சிருப்பாங்க மேடம்" என்றார் வக்கீல்.

பெரியப்பாவின் அறைக்கு போன் செய்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. வேறு வழியில்லாமல் நேரிலேயே போனேன்.

நிதித்துறையில் அவர் அறை பூட்டியிருந்தது. செலவுக் குறைப்பில் மற்றவர்களுக்கு முன்மாதிரியாக இருக்க வேண்டுமென்று நிதித்துறை தன் சொந்த ஆட்களுக்கே விருப்ப ஓய்வு கொடுத்திருந்தது. பெரியப்பா வாங்கிக்கொண்டு போய்விட்டார். அந்தப் பதவியை நிரப்பப் போவதில்லை என்று முடிவாம். அவர் பார்த்த வேலையெல்லாம் கூடத்தின் மூலையில் உட்கார்ந்திருந்த ஒரு புது அதிகாரியின் தலையில் கட்டப்பட்டிருந்தது. அந்த மனிதரைச் சுற்றிக் கோப்புகள் இடுப்பளவுக்கு அடுக்கியிருந்தன. கண்கள் சிவந்திருந்தன. நாற்காலிக்குப் பக்கத்தில் ஹெல்மெட் கிடந்தது.

"விடிகாலை பஸ்ஸா?" என்று தேடிப் பார்த்தார். "ஆமா மேடம், ஏத்துக்கிட்டாச்சே. ஏன், என்ன பிரச்சினை?"

"அத நிறுத்த முடியாது சார்."

"நீங்கதான நிறுத்தலாம்னு எழுதியிருக்கீங்க?"

"எழுதினோம். ஆனா வழக்கமா..." என்று இழுத்தேன். அதற்குமேல் எப்படிச் சொல்வது? நாங்கள் எழுதியதை நீங்கள் நம்பக் கூடாது என்று ஒரு அரசு அலுவலகத்தில் உட்கார்ந்து இன்னொரு அரசு அலுவலரிடம் எந்த வார்த்தையில் சொல்வது?

"மேடம், உங்க துறையே வேண்டாம்னு எழுதியிருக்கு. நான் எதுக்கு வேணும்னு சொல்லப் போறேன்?" அவர் கேட்டதில் கிண்டல் இல்லை, நிஜமாகவே குழம்பியிருந்தார்.

"பாம்புக்கடி மருந்து?"

"அதையும் ஏத்துக்கிட்டேன். சுகாதாரத் துறைக்காரங்க நேத்தே அலறிக்கிட்டு ஓடி வந்துட்டாங்க. பதிலுக்கு அதே அளவு வேற ஏதாவது குடுங்க, மாத்திடறேன்னு சொன்னேன். உங்களுக்கும் அதேதான். இயக்குநர் கையெழுத்தோட வந்தா போதும். எனக்குத் தொகை நேராகணும், அவ்வளவுதான்."

வாசலில் நின்றபடியே பெரியப்பாவின் வீட்டுக்கு போன் செய்தேன். பின்னால் டிவி ஓடிக்கொண்டிருந்தது. விஷயத்தைக் கேட்டதும் டிவி சத்தம் நின்றது.

"கெளம்பும்போது எல்லாக் கோப்பையும் ஒப்படைச்சேன்மா. இத எப்படி ஒப்படைக்கறது? எங்கயாவது எழுதியா வெச்சிருக்கு?" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குப் போனேன். பஸ் நிறுத்தத்துத் தூணில் அறிவிப்பு ஒட்டியாகிவிட்டது. அக்கா பின்பக்கக் குழாயடியில் மாமியாரின் படுக்கை விரிப்பைத் துவைத்துக்கொண்டிருந்தாள். வாரம் முழுக்க ஊர்த் துணியை வெளுத்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையும் அவளுக்கு அதே வேலைதான்.

"வா வா, உன்னத்தான் நெனச்சுட்டிருந்தேன். ஸ்டாப்புல ஒட்டியிருக்கறதப் பாத்தியா? எல்லாரும் என்னையே புடிச்சுக்கறாங்க. உன் தங்கச்சி அந்த ஆபீசுலதான பெரிய ஆளா இருக்கா, ஒரு வார்த்த சொல்லேன்னு. என் தங்கச்சிய கேக்காம ஒரு பஸ்ஸும் நிக்காது, நீங்க உங்க வேலையப் பாருங்கன்னு சொல்லிட்டேன்."

"அக்கா, அத எழுதினதே நான்தான்."

"எத?"

சொன்னேன். பூச்சாண்டிப் பத்தி என்றால் என்ன, எல்லாத் துறையும் எப்படிச் செய்கிறது, பெரியப்பா எப்படிப் பென்சிலால் அடிப்பார் என்று முதலிலிருந்து சொன்னேன். அலுவலகத்தில் டீ குடிக்கும்போது சொல்லிச் சிரிக்கிற விஷயம். குழாயடியில் நின்று சொல்லும்போது எனக்கே அசிங்கமாக இருந்தது.

"அதாவது, எங்களக் காட்டி அவங்கள பயமுறுத்தியிருக்கீங்க."

"ஆமா."

"இப்ப அவங்க பயப்படல."

"பயப்படலக்கா."

அக்கா விரிப்பைப் பிழிந்தாள். நான் ஒரு முனையைப் பிடிக்கப் போனேன், தர மாட்டேன் என்று இழுத்துக்கொண்டாள்.

"நாங்க வரலன்னா ஆபரேஷனே நின்னு போயிடும்னு எழுதியிருக்க. அந்த ஆளு படிச்சுப் பாத்துட்டு, சரி நிக்கட்டும்னு விட்டுட்டான். எங்க லட்சணம் இன்னிக்குத்தான் எங்களுக்குத் தெரியுது." உதறிய விரிப்பிலிருந்து தண்ணீர் என் முகத்தில் தெறித்தது. வேண்டுமென்றே உதறினாளோ என்னவோ. "ஏண்டி, பூச்சாண்டி காட்ட உனக்கு வேற ஆளே கெடைக்கலையா?"

"உன்ன நிறுத்தவே மாட்டாங்கங்கற நம்பிக்கையிலதான்கா."

"உன் நம்பிக்கைய கொண்டு போய் அடுப்புல போடு. மூணு நாள் லேட்டானா என் வேலை போச்சு. அந்த ஆபீஸ் வெளையாட்டுல உனக்கு என்ன போச்சு, சொல்லு?"

எதுவும் போகவில்லை. கிளம்பும்போது அவள் வாசல் வரை வந்தாள். கோபமாக இருந்தாலும் வாசல் வரை வருவாள்.

"எழுதத் தெரியுதுல்ல? மாத்தி எழுது" என்றாள்.

திங்கட்கிழமை இயக்குநர் கூப்பிட்டார். சூளைப் பக்கத்துத் தொகுதி உறுப்பினர் அவருக்கு போன் செய்து காய்ச்சியிருந்தார். அதற்காக பஸ்ஸைத் திரும்ப ஓட்டும் எண்ணமெல்லாம் அவருக்கு இல்லை. ஓட்ட முயன்றோம், நிதித்துறைதான் விடவில்லை என்று சொல்வதற்கு அவருக்குக் கோப்பில் ஒரு காகிதம் வேண்டும்.

"பதிலா ஏதாவது ஒண்ணு எழுதுங்க. அவங்க ஏத்துக்கவே முடியாத மாதிரி இருக்கணும். திருப்பி அனுப்பட்டும். பழி அவங்க தலையில விழட்டும். நம்ம முயற்சி கோப்புல இருக்கும், என்ன?"

"இன்னொரு பூச்சாண்டி."

"அதேதான். உங்களுக்குச் சொல்லணுமா?"

இடத்துக்கு வந்து உட்கார்ந்தேன். அவருக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரியும். இனி நிதித்துறையிலிருந்து எந்தப் பூச்சாண்டியும் திரும்பி வராது. கையெழுத்தோடு எதை அனுப்பினாலும் அந்தச் சிவந்த கண்காரர் தொகை நேராகிறதா என்று பார்த்துவிட்டு ஏற்றுக்கொள்வார். அப்படியென்றால் நான் எதை எழுதுகிறேனோ அது நிஜமாகவே நிற்கும்.

எங்கள் தலைமை அலுவலகத்துக்கென்று ஒரு வேன் உண்டு. அரசுக் குடியிருப்பிலிருந்து எங்களைக் காலையில் ஏற்றி வந்து மாலையில் கொண்டு போய் விடும். அதில் யார் எங்கே உட்காருவது என்பது பணி மூப்புப்படி நடக்கும். கண்காணிப்பாளர்களுக்கு முன்வரிசை, வக்கீலுக்கு அதற்குப் பின்னால் ஜன்னல் ஓரம், புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சக்கரத்துக்கு மேலே உள்ள குலுக்கல் சீட்டு. பதவி உயர்வு கிடைத்தவர் முன்சீட்டுக்கு மாறும் நாளில் வேனில் இனிப்பு கொடுப்பார். குடியிருப்பு வாசலில் ஊர் பஸ்கள் வரிசையாக வந்து போகும், ஆனாலும் அதில் ஏறுவது எங்களுக்குக் கௌரவக் குறைச்சல். அந்த வேனின் வாடகையையும் டீசலையும் கூட்டிப் பார்த்தால் விடிகாலை பஸ்ஸின் நஷ்டத்துக்குக் கொஞ்சம் மேலேயே வந்தது. இத்தனை வருஷம் செலவுக் குறைப்புப் பட்டியலில் அந்த வேனின் நிழல்கூட விழாமல் பார்த்துக்கொண்டதும் நான்தான்.

விடிகாலை பஸ்ஸுக்குப் பதிலாக அலுவலக வேனை நிறுத்தலாம் என்று எழுதினேன். குத்து எதுவும் வைக்கவில்லை.

இயக்குநர் படித்துவிட்டு நாற்காலியில் சாய்ந்து சிரித்தார். "சபாஷ்! தலைமை ஆபீஸ் வேன நிறுத்த எவனுக்கும்மா தைரியம் வரும்? சங்கம் விட்டுடுமா? நம்ம வேன்ல கை வெச்சா நாளைக்கு அவங்க வேனுக்கும் ஆபத்துன்னு தெரியாதா?" என்று சொல்லிக்கொண்டே கையெழுத்துப் போட்டார். நிதித்துறையில் அந்தக் கோப்பைப் பார்க்கப் போகிறவர் மோட்டார் சைக்கிளில் வருகிறவர் என்று நான் சொல்லவில்லை. அவரும் கேட்கவில்லை.

உத்தரவு வருவதற்குள் மாதம் பிறந்துவிட்டது. விடிகாலை பஸ் நின்றது.

முதல் நாள் சூளைப் பக்கத்துப் பெண்கள் எல்லோரும் சேர்ந்து நடந்தே போயிருக்கிறார்கள். லாரிகள் போகும் சாலை, ஓரத்தில் விளக்கு கிடையாது. எல்லோருக்கும் தாமதம். சலவைக்கூட மேற்பார்வையாளர் வாசலில் நின்று ஒவ்வொருவர் பெயராகக் குறித்துக்கொண்டாராம். அடுத்த நாளிலிருந்து காய்கறி ஏற்றிப் போகும் மினி லாரியில் மூட்டைகளுக்கு நடுவே தொற்றிக்கொண்டு போனார்கள். அது ஒரு நாள் வராமல் போனதில் அக்காவுக்கு இரண்டாவது தடவை. அவள் வழக்கமாகப் பக்கத்தில் உட்கார்ந்து போகும் தோழிக்கு அன்றைக்கு மூன்றாவது. அவளைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். ஆபரேஷன் ஒன்றும் நிற்கவில்லை. இருந்தவர்களே இரண்டு மடங்கு துணியை வெளுத்தார்கள்.

இதையெல்லாம் அக்கா மகன்தான் எனக்கு போனில் சொன்னான். அக்கா என்னிடம் பேசவில்லை. தினமும் காலையில் வேனின் முன்வரிசையில் போய் உட்காரும்போது எனக்கு முள்ளின் மேல் உட்காருவது போல இருந்தது. பின்னால் வக்கீல் ஜன்னலில் தலை சாய்த்துக் குறட்டை விடுவார். இன்னும் கொஞ்ச நாள் தூங்கிக்கொள்ளும் என்று நினைத்துக்கொள்வேன்.

உத்தரவு வந்தபோது இயக்குநர் அறையில் சபாஷ் கேட்கவில்லை. 'மாற்று முன்மொழிவு ஏற்கப்பட்டது. விடிகாலை வழித்தடம் தொடரலாம். தலைமை அலுவலக வேன் உடனடியாக நிறுத்தப்படுகிறது.' அதே அச்செழுத்து. மத்தியானத்துக்குள் விஷயம் எல்லா மாடிக்கும் பரவியது. சங்கத்துக்காரர்கள் கொடியோடு வந்தார்கள். யார் எழுதியது என்று விசாரித்து என்னிடம் வந்தார்கள். நானும் அதே வேனில் வருகிறவள்தானே என்று அவர்களுக்கு நம்பவே முடியவில்லை.

"தெரிஞ்சே பண்ணீங்களா?" என்று இயக்குநர் கேட்டார்.

"தெரிஞ்சேதான் சார்."

"என் கையெழுத்த வாங்கி என் ஆளுங்க வேனையே நிறுத்தியிருக்கீங்க. எனக்கே தண்ணி காட்டிட்டீங்க."

"பஸ் நின்னதும் உங்க கையெழுத்துலதான் சார்."

சொல்லியிருக்க வேண்டாம். என் வாய் அப்படி. மறுநாளே இடமாற்றல் உத்தரவு வந்தது. பணிமனையில் டயர் கிடங்குக்குப் பொறுப்பாளர். அதே சம்பளம், அதே பதவிப் பெயர், சுற்றிலும் டயர். என் இடத்தை வக்கீலுக்குக் கொடுத்தார்கள். மேசையைக் காலி செய்யும்போது ஒருவரும் உதவிக்கு வரவில்லை. வக்கீல் மட்டும் வந்து நின்றார்.

"பதிமூணு வருஷமா பக்கத்துல உக்காந்து வேல பாத்தோம். ஒரு வார்த்த எங்கிட்ட சொல்லியிருக்கலாம்" என்றார். "எனக்கு முட்டி வலி. ரெண்டு பஸ் மாறி நின்னுக்கிட்டே வரேன். உங்களுக்கு உங்க அக்கா. எங்களுக்கு யாரு?"

மேசைச் சாவியை அவர் கையில் கொடுத்தேன்.

ஆனால் வருத்தமாக இல்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷமாக இருந்தது. விடிகாலை பஸ் மறுபடி ஓடத் தொடங்கும் நாளுக்கு முந்தின சாயங்காலமே அக்கா வீட்டுக்குப் போய்விட்டேன். நடந்ததைக் கேட்டு அக்கா வாயைப் பிளந்தாள். "அடிப்பாவி, டயர் கிடங்கா?" என்று தலையில் குட்டிவிட்டுச் சோறு போட்டாள். அந்தக் குட்டில் எல்லாம் சரியாகிவிட்டது. படுக்கையில் இருந்த மாமியார்கூட, என் சம்பளத்தில் கை வைக்கவில்லையே என்று இரண்டு தடவை கேட்டு நிச்சயப்படுத்திக்கொண்டாள்.

விடியும் முன்னே இருவரும் கிளம்பினோம். பஸ் சொன்ன நேரத்துக்கு வந்தது. நிறுத்தத்தில் இருந்த பெண்கள் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஒருத்தி என் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சோடாக் காரத்தில் வெந்து சொரசொரவென்று இருந்தது. வேலை போன அந்தத் தோழியின் இடம் காலியாக இருந்ததால் அக்கா என்னை அங்கே உட்கார வைத்தாள். எனக்குப் பெருமை தாங்கவில்லை. வாழ்க்கையில் எழுதிய அத்தனை குறிப்புகளிலும் ஒன்றாவது உருப்படியாக எழுதினேன் என்று நினைத்துக்கொண்டேன்.

சூளைகளைத் தாண்டியதும் அக்கா கேட்டாள்.

"உன் சீட்டுல இப்ப யாரு?"

"எங்க வக்கீல்தான்."

"அந்த வேன்ல வந்தவரா?"

"ஆமா. முட்டி வலி வேற. தினம் என்னத் திட்டிக்கிட்டே வராராம்."

"இந்த மந்தம், கிந்தம்னு சொல்றாங்களே, அதெல்லாம் முடிஞ்சுதா?"

"எங்க முடியறது? வருஷக் கடைசிக்குள்ள இன்னொரு சுற்றறிக்கை வரும்னு பேசிக்கறாங்க."

"அப்ப அவருதான் எழுதுவாரு."

"அவருதான்."

அக்கா முன்சீட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டு யோசித்தாள். பிறகு குரலைத் தாழ்த்தி, மற்றவர்களுக்குக் கேட்காதபடி கேட்டாள்.

"அவருக்கு இந்த பஸ்ல சொந்தக்காரங்க யாராவது வராங்களா?"

"இல்லக்கா."

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். என்னைத் திட்டியிருந்தால் தேவலை. பஸ் நிறையப் பெண்கள் உட்கார்ந்திருந்தார்கள். சிலர் தூங்கிவிட்டிருந்தார்கள், சிலர் என்னைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அந்த அலுவலகத்தில் இனி தங்கச்சி கிடையாது.